வலது கைப்பிடியில் ஒரு முடிச்சு

முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே கர்வம் அது. பாட்டு, படிப்பு, நாடகம் எதிலும் நான் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசு வாங்கியதில்லை. ஆனால் நான் போட்ட முடிச்சை எடுக்க வேண்டுமென்றால் கத்தியைத்தான் தேட வேண்டும்.

சொல்லிக்கொடுத்தது அப்பா. அவர் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. குளிகாரர்களுக்குச் சங்கு மட்டும்தான் மிச்சம். கடலுக்குள் இறங்குகிறவனுடைய கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரையின் பழைய ஏற்பாடு. கூடப்பிறந்தவன் என்றால் சொத்தை நினைத்துக் கயிற்றை விட்டாலும் விட்டுவிடுவான். மச்சினன் விடமாட்டான், விட்டால் தாலியறுப்பது அவனுடைய அக்கா. மனுஷனை நம்புவதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி இது. குறை சொல்ல முடியாது, வேலை செய்தது.

அப்பாவின் கயிற்றை மூன்று வருஷம் பிடித்தவர் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு பத்து வயசுப் பையனை அம்மாதான் சோறூட்டி ஆளாக்கினாள். அப்புறம் அவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மற்றக் கப்பல்காரர்கள் சேலையும் செண்டும் கொண்டுவருவார்கள். மாமா கதை கொண்டுவருவார்.

ஒரு வருஷம் ஜப்பானில் மோட்டார்சைக்கிள் பந்தயம் பார்த்த கதையைக் கொண்டுவந்தார். கப்பல் நாலு நாள் துறைமுகத்தில் நின்றதாம், இவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாராம். ஓட்டுகிறவர்கள் வண்டியோடு வண்டியாக ஒட்டிக்கொண்டு, முழங்கால் தரையில் உரச வளைகிறார்களாம். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "ஏன், அவனுவளுக்கு உக்கார இடம் இல்லையோ?" என்றாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வருஷம் கதை வரவில்லை, வண்டியே வந்தது. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி ஒன்று திரும்பி வரும்போது மூன்று மரப்பெட்டிகளை இறக்கியது. சுங்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம். கேட்டால் "போய்ப் படிளா" என்று பதில் வரும். பெட்டிகளுக்குள் ஒரு மோட்டார்சைக்கிள் துண்டு துண்டாக, மெழுகுத்தாளில் சுற்றி இருந்தது. கூடவே ஒரு புத்தகம், முழுக்க ஜப்பான் எழுத்து.

பூட்டிக்கொடுத்தவர் மெக்கானிக் அண்ணாச்சி. ஓட்டப்பிடாரத்துக்காரர். தெருமுனையில் கொட்டகை போட்டு லாஞ்சு இன்ஜின்களையும் ஊரிலிருந்த பத்துப் பன்னிரண்டு மோட்டார்சைக்கிள்களையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆளும் இல்லை, எங்கள் கோயிலும் இல்லை. ஆனாலும் அவரைக் கூப்பிடாமல் எங்கள் தெருவில் ஒரு இன்ஜினும் ஓடியதில்லை. புத்தகத்தின் படங்களை மட்டும் பார்த்துப் பத்து நாளில் அந்த வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார். கடைசியில் நாலு நட்டு மிச்சமானது. எங்கே போட வேண்டியவை என்று அவருக்கும் தெரியவில்லை, படத்திலும் இல்லை. "ஜப்பான்காரன் தாராள மனசுக்காரன் அண்ணாச்சி, கூடுதலா அனுப்பியிருக்கான்" என்றார் மாமா. தெருவே சிரித்தது. அந்த நாலு நட்டை ஒரு சிகரெட் டப்பாவில் போட்டு அண்ணாச்சி கொட்டகையில் வைத்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் டப்பாவைக் குலுக்கிக் கேலி பேசிவிட்டுப் போவான்.

நாங்கள் அதுவரை பார்த்த வண்டிகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவை. இது படுத்து ஓட்டுகிற வண்டி. கைப்பிடி இரண்டும் தாழ இறங்கி முன்சக்கரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சிவப்பு டேங்க் நீண்டு, ஓட்டுகிறவரின் முழங்கால் பதிய இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். ஒரே ஆள் உட்காரும் இருக்கை, பின்னால் வழுக்கிவிடாமல் இருக்க ஒரு திமில். "பந்தயத்துல ஓடுச்சே, அதுக்கு இது கூடப்பிறந்த தம்பி. அது ரோட்டுக்கு வரக்கூடாது, இது வரலாம். அம்புட்டுதான் வித்தியாசம்" என்றார் மாமா. தம்பி என்று சொன்னதாலோ என்னவோ எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

பூட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே கொட்டகைக்குப் போய்விடுவேன். ஒருநாள் மெக்கானிக் அண்ணாச்சி என் கையைப் பிடித்து வலது கைப்பிடியின்மேல் வைத்தார்.

"முறுக்கு தாயி."

முறுக்கினேன்.

"இப்போ விடு."

விட்டேன். பிடி டக்கென்று தானாகத் திரும்பியது.

"பாத்தியா? முறுக்குனா ஓடணும், விட்டா திரும்பணும். இந்தத் திரும்புறதுலதான் ஓட்டுறவன் உசுரு இருக்கு."

நான் இருபது தடவை முறுக்கி விட்டேன். அந்த 'டக்' எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவர் சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

எல்லாரும் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், அம்மா மட்டும் வெளியே வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "படுத்து ஓட்டுற வண்டி, படுக்க வச்சிரும்" என்று குசினிக்குள் இருந்தே சொன்னாள். இரண்டு நாள் மாமாவோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அவருக்குப் பிடிக்குமே என்று நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். அம்மாவின் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான், அந்தக் காலத்தில்.

எனக்கு அம்மாவின் பேச்சு பயமாக இருந்தது. பயத்துக்கு என்னிடம் ஒரு மருந்தும் இருந்தது. எங்கள் தெருவில் புது வள்ளம் கடலில் இறங்கினால், அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்மூக்கில், ஒரு மாதா சுரூபத்தைக் கட்டுவாள். காசு அகலத்தில் ஒரு தகடு, அதில் மாதா உருவம். கட்டாமல் எந்த வள்ளமும் இறங்காது. அம்மாவிடம் போய், "மாமா வண்டிக்குச் சுரூபம் கெட்டணும்லாம்மா?" என்று கேட்டேன். "கடல்ல போறதுக்குத்தாம்ளா கெட்டுவாவ. ரோட்டுல போறதுக்கு யாரு கெட்டுவா? போளா அங்கன" என்றாள்.

போனேன். கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மை அன்று எனக்குக் கிடைத்த சுரூபத்தைக் கழுத்திலிருந்து கழற்றினேன். அது பருத்தி நூலில் கோத்தது, பாதி இற்றுப்போயிருந்தது. அது அறுந்து வழியில் விழுந்துவிட்டால் மாமாவுக்கு யார் துணை? வலை பொத்துவதற்கு அப்பா வைத்திருந்த புது நைலான் நூலில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன். ஒரு சுறாவையே தூக்கலாம், அந்த நூல் அறாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மாமா பம்பாய்க்கு ரயிலேறிக் கப்பலில் சேர வேண்டும். புதுத் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் வண்டியை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுவதாக இளவட்டங்களிடம் சொல்லியிருந்தார். அதுவரை தெருவுக்குள் குழந்தைகளும் கோழிகளும் குறுக்கே வர, மெதுவாகத்தான் ஓட்டியிருந்தார். பூசை முடிந்ததும் பாதித் தெரு அங்கே கூடிவிட்டது. மெக்கானிக் அண்ணாச்சி மட்டும் வரவில்லை. ஒரு லாஞ்சு இன்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டதென்று கூப்பிட்டுப் போயிருந்தார்கள். அவர் வந்திருந்தால் என்று நான் நினைத்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

வண்டிக்கு அணியம் எது என்று எனக்குக் குழப்பம். விளக்கில் கட்ட இடமில்லை. வலது கைப்பிடிதானே வண்டியை ஓட வைக்கிறது, மாமாவின் கை இருக்கிற இடத்தில் மாதாவும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பிடியும் கம்பியும் சேரும் இடத்தில் நாலு சுற்றுச் சுற்றி, அப்பாவின் குளிகயிற்று முடிச்சைப் போட்டேன். நூல் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெட்ட மனசில்லாமல் அதன் நுனியில் சுரூபத்தைத் தொங்கவிட்டேன்.

மாமா வந்தார், பார்த்தார்.

"யாருளா கெட்டுனது?"

"நாந்தான். அறாது மாமா, நைலான்."

அவருக்குத் தெரியாதா? இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவருக்கு, எதை எங்கே கட்டக்கூடாது என்று தெரியாமல் இருந்திருக்குமா? கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவர் குனிந்து சுரூபத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார். "என் மருமவ கெட்டுனது, இருந்துட்டுப் போட்டும்" என்றார். ஏறிப் படுத்தார்.

முதல் தடவை போய்த் திரும்பினார். பாதி வேகம் என்றார்கள். இரண்டாவது தடவை முழுசாக முறுக்கினார். இரண்டு பக்கமும் உப்பளம், நடுவே கறுத்த ரோடு, அதில் சிவப்பாக ஒரு கோடு. ரோடு ஒரு பாலத்துக்கு முன்னால் திரும்பும். அங்கே சத்தம் குறைய வேண்டும், முதல் தடவை குறைந்ததே. இரண்டாவது தடவை குறையவில்லை. கடைசியில் இன்னும் ஒருபடி ஏறி வீறிட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

ஆண்கள் ஓடினார்கள். என்னை யாரோ தூக்கி முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: வெள்ளை வெளேரென்று ஒரு உப்புக் குவியல், அதன் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வண்டியை எங்கள் வீட்டுப் பின்வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். போலீஸ்காரர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். நசுங்கிய இரும்பில் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும். முன்வாசலில் அம்மா தலைவிரிகோலமாக மண்ணில் கிடந்தாள், சுற்றிலும் பெண்கள். பின்வாசலில் அப்பாவும் மெக்கானிக் அண்ணாச்சியும். நான் குசினிக் கதவிடுக்கில் நின்றேன்.

அண்ணாச்சி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். வலது கைப்பிடிக்கு வந்ததும் நின்றார். முறுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தார். இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து எதையோ அறுத்து, இழுத்து, உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினார். நைலான் நூல், பிடிக்குள் சுற்றி இறுகிச் சுருள் சுருளாக இருந்தது. அதன் நடுவே முடிச்சு மட்டும் நான் போட்டது போட்டபடி. சுரூபம் மின்னியது. அப்பா அந்த முடிச்சைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி அதைச் சுருட்டித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "அது என் சுரூபம்! நாந்தான் கெட்டுனேன்! களவாணி, குடு!"

அப்பா எழுந்த வேகத்தில் என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "நீ ஒண்ணும் கெட்டல. வண்டியில ஒண்ணுமே இல்ல. இதப் பத்தி உங்கம்மாட்ட ஒரு வார்த்த சொன்ன, கொன்னே போடுவேன்" என்றார். அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது. திருடினவனை விட்டுவிட்டுத் தன் பிள்ளையை அடிக்கிற தகப்பனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெக்கானிக் அண்ணாச்சி முன்வாசலுக்குப் போனார். பெண்கள் வழிவிட்டார்கள். அவர் அம்மாவுக்கு முன்னால் கைகட்டி நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அக்கா, தப்பு எம்மேலதான். கைப்பிடிக்குப் போற கேபிள நான் சரியா மாட்டல. அதான் சிக்கிக்கிட்டு. தம்பி நல்லாத்தான் ஓட்டுச்சு."

அம்மா இரண்டு கையிலும் மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். "எந்தம்பியத் தின்னுட்டியே பாவி! நீ வெளங்குவியால? ஒன் கை வெளங்குமால?" அவர் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நாலு நட்டு அப்புறம் சிரிப்பாக இல்லை. "அன்னைக்கே நட்டு மிஞ்சிச்சே, நாம சிரிச்சோமே" என்று சிரித்தவர்களே சொன்னார்கள். சிகரெட் டப்பாவை யாரோ நடுத்தெருவில் போட்டு மிதித்தார்கள். லாஞ்சுக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். மாதம் இரண்டு ஆவதற்குள் அவர் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சுரூபம் கட்டியும் மாமா செத்துப்போனாரே, மாதாவுக்குச் சக்தி இல்லையா என்று இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தவளுக்கு, மாதாமேல் குற்றமில்லை, மெக்கானிக் மேல்தான் என்று தெரிந்தது பெரிய ஆறுதல். அப்பா சொன்னபடி அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. பயம். அப்புறம் பழகிவிட்டது.

சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தபோது சின்னதாக ஒரு வண்டி வாங்கினேன். வலது கைப்பிடியில் ஒரு செபமாலையைச் சுற்றப் போனேன். கடையில் வேலை பார்த்த பையன் பதறிப்போய்த் தடுத்தான். "டீச்சர், ரேசு பக்கம் எதையும் கெட்டாதிய. நூலு உள்ள போய் சுத்திக்கிட்டுன்னா பிடி திரும்பாது. வண்டி நிக்காது."

எனக்கு வயது அப்போது இருபத்தெட்டு. இருபது வருஷமாகக் காதுக்குள் கிடந்த 'டக்' அன்றைக்குத்தான் கேட்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்குப் போனேன்.

அம்மா குசினியில் இருந்தாள். நான் அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்கம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான், ஒரு பிள்ள இருந்திச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துரச் சொல்லுதியா? நான் அவன்ட்ட ஒண்ணும் கேக்கலளா. அவனாத்தான் பையில போட்டான். நான் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நிக்கேன்."

ஓட்டப்பிடாரத்துக்குப் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி இறந்து நாலு வருஷமாகியிருந்தது. அவருடைய மனைவி காப்பி போட்டுக் கொடுத்தார். கடைசிவரை வயல்களுக்குப் பம்புசெட்டு பார்த்தாராம். "தூத்துக்குடியில ஒரு பையன் இவுக கைவேலையாலதான் செத்துட்டாம்மா. அதுக்குப் பொறவு மோட்டார்சைக்கிள இவுக தொட்டதே இல்ல" என்றார். கட்டின மனைவியிடமும் சொல்லவில்லை அந்த மனுஷன். நீங்க யாரு என்று அந்த அம்மாள் கேட்டபோது, பழைய தெருக்காரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். என் அம்மா இன்னும் உயிரோடு இருந்தாள் என்பது ஒரு சாக்கு.

அவர் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. லாரியில் சாமான்கள் ஏறியிருந்தன. தெருவில் வழியனுப்ப ஒரு ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடப் பையோடு எதிர்ப்பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் ரோட்டைக் கடந்து வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து என் சுரூபத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா தாயி. உன்னோடது."

"நீ களவாணிதான?" என்றேன்.

"ஆமா தாயி. நாந்தான் எடுத்தேன்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவர் லாரியில் ஏறும்வரை நின்று, அது திரும்பும்போது ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். பிறகுதான் கையைத் திறந்து பார்த்தேன். சுரூபம் என்னுடையதுதான். நூல்தான் வேறு. என் நைலான் நூலைக் காணோம். அதற்குப் பதிலாகப் பருத்தி நூல், லேசாக இழுத்தாலே அறுந்துவிடுகிற நூல். நல்ல நூலைத் தான் வைத்துக்கொண்டு, மட்டமான நூலில் கோத்து என்னை ஏமாற்றிவிட்டுப் போகிறான் பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.